புதுக் கன்சோல் வந்த வருஷம்

ஸ்டூடியோவில் பாட்டுகளின் ஒலியைக் கலக்கும் பழைய கன்சோலை மாடியிலிருந்து கீழே இறக்கிய நாளில், தூக்க வந்த நான்கு பேரையும் பாவா வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார். "ஒரு அஞ்சு நிமிசம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபத்துநான்கு வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் பத்துப் பன்னிரண்டு குமிழ்கள். இடது ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு குமிழையும் இரண்டு விரலால் பிடித்து நடுவுக்குத் திருப்பி வைத்துக்கொண்டே போனார். மின்சாரம் துண்டிக்கப்பட்டு, கேபிள்களெல்லாம் பிடுங்கப்பட்டு, வெறும் தகரமும் மரமுமாக நின்ற பொருளுக்கு அது தேவையே இல்லை. வாங்கிப் போகிறவரும் உதிரி பாகங்களுக்காகத்தான் வாங்கினார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கூடவே இருந்த பொருளுக்கு ஒரு மனிதர் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அது மரியாதை இல்லை என்று தெரிய நான்கு மாதம் ஆயிற்று.

பாவா என் அக்காவின் கணவர். எங்கள் அத்தை மகன். பொதட்டூர்பேட்டையில் பிறந்தவர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பவர்லூம்கள் ஓடும். தறி ஓடும்போது ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். தறி நின்ற பிறகும் அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். சிறு வயதில் அங்கே போனால் ஏதோ சண்டை நடக்கிறது என்று பயந்து நானும் அக்காவும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன் என்று பாவா பெருமையாகச் சொல்வார். அந்தச் சத்தத்தைவிட்டு ஓடிவந்தவருக்குச் சத்தமே பிழைப்பாக அமைந்தது. முதலில் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டினார். பிறகு திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையில், ஒரு பாத்திரக் கடையின் மாடியைப் பிடித்து ஸ்டூடியோ போட்டார். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் காவடிப் பாட்டுக் குழுக்கள் வரிசையாக வரும். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து தெலுங்கு பஜனைக்காரர்கள் வருவார்கள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துச் சபைகள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாட்டுப் பதிய வரும். மற்ற நாட்களில் ஆட்டோவில் ஒலிபரப்பும் ஜவுளிக்கடை விளம்பரம். எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு செய்வார். தவிலின் வார் தளர்ந்திருப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார் என்று குழுக்களில் அவரைப் பற்றிப் பேச்சு உண்டு. நானே அதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டரில் பதின்மூன்று வருஷம் ஒலிப்பதிவாளராக இருந்தேன். அது மூடப்பட்ட பிறகு திருத்தணிக்கு வந்து அம்மாவோடு இருந்தேன். "சும்மா ஏன் ஊட்ல குந்திகினு கீற, ஸ்டூடியோவுக்கு வா பாப்பா" என்று கூப்பிட்டவர் பாவாதான். எனக்கு நாற்பது வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான். நான் போய்ச் சேர்ந்தபோது கன்சோல் கடைசி மூச்சில் இருந்தது. குமிழைத் திருப்பினால் கரகரத்தது. மழை நாட்களில் எங்கிருந்தென்று கண்டுபிடிக்க முடியாத ஒரு ரீங்காரம் எல்லாப் பாட்டின் அடியிலும் ஓடியது. மூன்று வரிசைகள் செத்தே போயிருந்தன. இனிமேல் இதற்குப் பாகம் கிடைக்காது என்று பழுது பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார்.

இரண்டு வழிகள் இருந்தன. சென்னையில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவில் நல்ல நிலையில் இதே பழைய வகை அனலாக் கன்சோல் ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்கலாம், அல்லது புதிதாக ஒரு டிஜிட்டல் கன்சோல் வாங்கலாம். நான் டிஜிட்டல் என்றேன். என் காரணங்கள் தெளிவாக இருந்தன. அனலாக்கில் ஒரு பாட்டை மிக்ஸ் செய்ய உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அடுத்த ஆள் வந்தால் குமிழ்களையெல்லாம் கலைத்தாக வேண்டும். கலைத்தால் முந்தைய நிலையை அப்படியே திரும்பக் கொண்டுவருவது நடக்காத காரியம். டிஜிட்டலில் ஒரு பட்டனைத் தொட்டால் போன மாதம் விட்ட இடத்தில் எல்லாம் வந்து நிற்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் தாமாகவே மேலும் கீழும் நகர்ந்து தங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எதிரொலிக்கும் மற்றதற்கும் தனித்தனிப் பெட்டிகள் வேண்டாம். கணினிக்கு ஒரே ஒரு கேபிள் போதும்.

பாவா அனலாக் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "இதுல ஒரு சேனல் போனா அத்த வுட்டுட்டு மீதியில வேல பாக்கலாம். அது போச்சின்னா மொத்தமும் போச்சி" என்றார். இன்னொரு நாள், "கை போற எடத்துல குமிழு கீணும் பாப்பா. அதுல ஒரு குமிழுக்கு நாப்பது வேல. இப்ப எந்த வேலையில கீதுன்னு தெரயப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும். நான் காதால வேல செய்றவன், கண்ணால இல்ல" என்றார். நான் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தாறு வயது மனிதருக்குப் புதிதாகக் கற்கப் பயம் என்று நினைத்தேன். அவரைச் சென்னைக்கு அழைத்துப்போய் இரண்டையும் காட்டினேன். டிஜிட்டல் கன்சோலை விற்கிறவர், ஒரு குரலுக்கு மேல்சுருதியை, அதாவது ட்ரெபிளை, ஏற்றினால் திரையில் கோட்டின் வலப்பக்கம் எப்படி மேடாக எழும்புகிறது என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். பாவா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இத்த அழிச்சிட முடியுமா?" விற்கிறவர் சிரித்தார். "எதுக்கு சார் அழிக்கணும்? எல்லாமே அதுவா சேவ் ஆயிக்கினே இருக்கும், ஒண்ணும் போகாது, பயப்படாதீங்க." 

முடிவைச் சொன்னவள் அக்கா. மிஷின்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நான் சொன்னது மட்டும் அவள் மனசில் நின்றுவிட்டது. சோறு போட்டுக்கொண்டே, "பாப்பா சொல்றதையே வாங்குங்க பாவா. நேரத்தோட ஊட்டுக்காவது வருவீங்க" என்றாள். பாவா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பதில் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்து, 'பார்த்தாயா' என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். அன்றைக்கு அவர் காதில் அது விழுந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நான் கொஞ்சம் உரக்க, "அக்காவும் டிஜிட்டல்தான் சொல்றா பாவா" என்றதும் நிமிர்ந்து, "ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க, அப்புறம் இன்னா" என்றார். தை மாதம் புதுக் கன்சோல் வந்தது.

வைகாசியில் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஒரு சபையிலிருந்து பாஸ்டரம்மா வந்தார். பாஸ்டரின் மனைவி, பாடகர் குழுவை நடத்துகிறவர். பாவா வெளியே போயிருந்த நேரம். தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு பாட்றோம் இல்ல, அந்த இடம் வரும்போதெல்லாம் பாம்பு சீறுற மாதிரி இருக்குது. சபையில சின்னப் புள்ளைங்க காதைப் பொத்திக்குது." நான் சரிசெய்து தருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, பாவா தனியாகச் செய்து வைத்திருந்த அந்த மிக்ஸைத் திறந்தேன். அதுவரை பதிவு மட்டுமே என் வேலை, மிக்ஸ் அவருடையது. ஃபேடர்கள் நகர்ந்து நின்றன. முதல் குரலைத் தொட்டேன். திரையில் கோடு இடப்பக்கம் சமமாக வந்து, வலப்பக்கம் நெருங்க நெருங்க மலைபோல ஏறி நின்றது. அடுத்த குரலிலும் அப்படியே. ஆர்மோனியம், தபலா, ஜால்ரா, எல்லாவற்றிலும் வலது பக்கத்தில் அதே மலை. அதற்கு முந்தைய வாரம் செய்த காவடிப் பாட்டைத் திறந்தேன். அதற்கு முந்தையதையும் திறந்தேன். ஒரு மனிதர் நான்கு மாதமாக, எந்தப் பாட்டு வந்தாலும், தனக்குக் கேட்காத ஒன்றைக் கேட்கும் வரை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அப்போதுதான் அந்தக் குமிழ்கள் நினைவுக்கு வந்தன. வாங்கிப் போகிறவர் இந்தத் தொழில் தெரிந்தவர். மேல்சுருதிக் குமிழெல்லாம் வலக்கடைசிக்குத் திருப்பியிருப்பதைப் பார்த்தால் அவருக்குப் புரிந்திருக்கும். பழைய கன்சோலில் ஒவ்வொரு நாள் வேலையும் முடிந்ததும் பாவா அப்படித்தான் நடுவுக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். காலையில் நான் வரும்போது அது எப்போதும் துடைத்துவைத்ததுபோல இருக்கும். எவ்வளவு சுத்தமான ஆள் என்று நினைத்திருக்கிறேன். அந்த மிஷினுக்கு ஞாபகம் கிடையாது. அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. பாவா கன்ட்ரோல் ரூமில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கன்சோலில் சோதனைக்கென்று ஒரே சீரான ஒலி ஒன்று உண்டு. அதை மிக உயர்ந்த சுருதியில் வைத்து ஸ்பீக்கரில் விட்டு மெல்ல ஏற்றினேன். எனக்குப் பல் கூசியது. பாவா பக்கத்தைப் புரட்டினார். இன்னும் ஏற்றினேன். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தபலாக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பாவா டீயை உறிஞ்சினார். சுருதியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். வெகுதூரம் இறங்கிய பிறகுதான் நிமிர்ந்து, "இன்னா சத்தம் அது?" என்றார். "ஒண்ணும் இல்ல பாவா, கேபிள் செக் பண்றேன்" என்றேன். மேல்பாதி முழுக்க அவருக்கு இல்லாமல் போயிருந்தது. தறியும், அதன் பிறகு மைக் செட்டும், அதன் பிறகு இந்த அறையின் ஸ்பீக்கர்களும் சேர்ந்து எடுத்துக்கொண்டுவிட்டிருந்தன.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் மிக்ஸ் செய்து முடித்துக் கிளம்பிய பிறகு, அதே பாட்டைத் திறந்து, அந்த மலைகளையெல்லாம் இறக்கி, வேறு பெயரில் சேமித்து, அதையே ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். டிஜிட்டலில் இது எவ்வளவு சுலபம்! பாஸ்டரம்மா சந்தோஷமாகப் போன் செய்தார். காவடிக் குழுக்காரர்கள் பாவாவின் தோளைத் தட்டி, இந்த வருஷம் சவுண்டு அருமையாக வந்திருக்கிறது என்றார்கள். பாவா என்னிடம், "பாத்தியா பாப்பா, நானும் கத்துக்கினேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், ஸ்டூடியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐப்பசியில் அவரே கண்டுபிடித்தார். நான் ஒருநாள் காய்ச்சலாக வீட்டில் இருந்தபோது, வேறெதையோ தேடப் போய் என் பிரதிகளைத் திறந்திருக்கிறார். மறுநாள் போனபோது திரையில் ஒரு சமமான கோடு இருந்தது. பாவா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நீ பண்ணியா?"

"ஆங்."

"எத்தினி நாளா?"

"வைகாசியிலேர்ந்து பாவா."

 காது டாக்டரிடம் போகலாம் என்றேன். "மிஷின மாட்டிக்கினு இங்க குந்துனா எவன் பாட வருவான்? செவுடன் ஸ்டூடியோன்னு பேரு வெப்பாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்கக்காகிட்ட சொல்லாத. எம் மேல கைய வெச்சி சொல்லு" என்றார். அவர் கைமேல் கை வைத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒரு பேச்சுக்குக் கன்சோல் முன்னால் உட்காருவார். வேலையை நான் செய்வேன். கேட்காதவற்றுக்குத் தலையசைப்பது, பதில் வேண்டிய கேள்வி என்று தோன்றினால் செல்போனை எடுத்துப் பார்ப்பது, ஆட்கள் பின்னாலிருந்து பேசாதபடி எப்போதும் சுவரோரமாக உட்காருவது என்று அவர் வைத்திருந்த உபாயங்களை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகக் கவனித்தேன். பல வருஷப் பழக்கம் அது. நானும் அதில் கூட்டுச் சேர்ந்தேன். யாராவது கேட்டதற்கு அவர் விழித்தால், நான் அந்தக் கேள்வியையே வேறு விதமாக உரக்கச் சொல்லி எடுத்துக்கொடுப்பேன்.

மார்கழியில் ஒரு மதியம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு மெல்லிய குரல். பள்ளியில் வாசிக்கச் சொன்னால் கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று வாத்தியார் அடிப்பார். அந்தக் குரலில், தலை நிமிராமல், "பாப்பா, நெசத்த சொல்லு. அவருக்கு வேற யாராச்சும் கீறாங்களா?" என்றாள். நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். "பாட வர்றவங்க எத்தினியோ பேரு. நான் ஒண்ணும் சண்ட போட மாட்டேன். தெரிஞ்சா போதும். ரெண்டு மூணு வருசமா எம் பேச்சு அவரு காதுல ஏற்றதே இல்ல. தெருவுல நடந்தது, கோயில்ல பாத்தது, எல்லாம் சொல்லிகினே இருப்பேன். சொவுத்த பாத்துகினு இருப்பாரு. இப்பல்லாம் நான் சொல்றதையே வுட்டுட்டேன். சாப்புட்றீங்களா, ஆங். அவ்ளதான் எங்க பேச்சு." உரித்த காய்களைத் தட்டில் தள்ளிவிட்டு, "நான் பேசறது அவருக்கு அலுத்துப்போச்சி போல" என்றாள்.

ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அது நாக்கு நுனி வரை வந்தது. "அதெல்லாம் யாரும் இல்லக்கா. வேல டென்ஷன்" என்றேன். அவள் சிரித்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. நான் வேறு பேச்சுக்கு மாறினேன். அவளும் மாறினாள். அவரைக்காய்ப் பொரியல் கொஞ்சம் டப்பாவில் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினாள்.

மாசி மாதம், மதியம் இரண்டு மணிக்கு மேல், வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அக்கா விழுந்துவிட்டாள். ரத்தக் கொதிப்பு. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. பாவா அன்று சாப்பிட வீட்டுக்கு வந்தவர், முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். ஒரு மணிநேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோதுதான் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. நேரத்தோடு வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கருமாதி அன்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னாள்: "பாவா, பாவான்னு ரெண்டு வாட்டி கேட்டுச்சிம்மா. உங்க சின்னப் பொண்ணு வந்துகீது, அதுதான் கூப்புடுதுன்னு நெனச்சிட்டேன். எழுந்து வந்து பாத்திருக்கலாம், பாவி நானு." அத்தை மகன் என்பதால் அக்காவும் கல்யாணத்துக்குப் பிறகுகூட அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். அம்மா எழுந்து நேராகப் பாவா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள். பந்தலில் எல்லோரும் இருந்தார்கள். "பக்கத்து ஊட்டுக்குக் கேட்டது உனுக்குக் கேக்கலியா? கூப்புட்டுகினே கெடந்தாளே, அவ்ளோ அலுத்துப் போயிட்டாளா எம் பொண்ணு?" என்றாள். பாவா தலையைக் குனிந்தார். மொட்டையடித்த தலை. அவர் வாயைத் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கல்நெஞ்சன் என்ற பேரைக்கூடத் தாங்கிக்கொள்வார், அதைச் சொல்ல மாட்டார். நான்தான் சொன்னேன். "அம்மா, அவருக்குக் காது கேக்காதும்மா. ரொம்ப நாளா கேக்காது."

 அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"உனுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"வைகாசியிலேர்ந்து."

"இப்ப இன்னா மாசம்டி?"

அது பங்குனி.  பாவாவிடம் கொண்டுபோன கோபம் முழுவதும் அந்த நிமிஷத்தில் என்மேல் மாறிவிட்டது. அது நியாயம்தான். இன்றும் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குச் சோறு வைக்கிறாள், மாத்திரை போட்டுக்கொண்டாயா என்று கேட்டால் தலையசைக்கிறாள். தானாக என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சித்திரையில் பாவா தனியாகவே சென்னைக்குப் போய்க் காது மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். யாருக்காக மறைத்தாரோ அவள் இல்லை, ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து, மதிய நேரம், நான் தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது கன்ட்ரோல் ரூமுக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தையல்காரம்மாவிடம் போய், அக்கா என்ன சொல்லிக் கூப்பிட்டாள், எத்தனை முறை, எவ்வளவு சத்தமாக என்று எல்லாம் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"பாப்பா, நீ அந்தக் கோட்ட பாத்துகீற. எனுக்கு எதுவரிக்கும் கேக்கும்னு என்ன வுட உனுக்குத்தான் தெரியும். சொல்லு. பா. வா." இரண்டு எழுத்தையும் பிரித்து, வாயை அகலத் திறந்து சொன்னார். "இதுல ச இல்ல, ஸ இல்ல. மேல ஒண்ணுமே இல்ல. எல்லாம் கீழ. இது எனுக்குக் கேக்கும். அப்பவும் கேக்கும்."

அவர் சொன்னது சரி. தொழில் தெரிந்த யாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆகாரம், அதாவது 'ஆ' ஓசை, கீழ்ச்சுருதியில் இருக்கிற ஒலி. மேல்பாதி போனவருக்கும் அது மிச்சமிருக்கும். நான் அவரைப் பார்க்காமல், "நடுவுல ரெண்டு சொவுரு கீது பாவா. ஃபேன் ஓடிகினு இருந்திருக்கும், டிவி ஓடிகினு இருந்திருக்கும். கேட்டிருக்காது" என்றேன்.

"அன்னிக்குக் கரண்டு இல்ல பாப்பா" என்றார். "கரண்டு போயிட்டதாலதான் அந்தம்மாவோட தையல் மிஷினு நின்னுச்சி. அதனாலதான் அதுக்கே கேட்டுச்சி."

 அவரே தொடர்ந்தார். "கேட்டிருக்கும். எதுக்கோ கூப்புட்றான்னு படுத்துகினு இருந்திருப்பேன். எழுந்து போனா எதுனா சொல்லுவா, எனுக்குப் புரியாது, இன்னா இன்னான்னு ரெண்டு வாட்டி கேக்கணும். கேட்டா கண்டுபுடிச்சிருவா. அதுக்கோசரம் எத்தினியோ வாட்டி கேட்டும் கேக்காத மாதிரி இருந்துகீறேன். அன்னிக்கும் அப்பிடித்தான் இருந்தேனான்னு நெனச்சி நெனச்சி பாக்கறேன். ஞாபகமே வரல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காத காது அக்காவைக் கொல்லவில்லை. அதை மறைக்க அவர் பழகியதும், அந்தப் பழக்கத்துக்கு நான் ஒன்பது மாதம் உழைத்துக் கொடுத்ததும் அவள் சாவில் இருந்தன. மார்கழியில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், அவள் விழும்போது கையில் கிடைத்த எதையாவது தட்டியிருப்பாள், உருட்டியிருப்பாள். குரலை நம்பியிருக்க மாட்டாள். குறைந்தபட்சம், தன் பேச்சு அலுத்துப்போய்விட்டது என்று எண்ணிக்கொண்டே போயிருக்க மாட்டாள்.

ஸ்டூடியோ நடக்கிறது. கன்சோலை நான் பார்த்துக்கொள்கிறேன். பாவா தினமும் வருவார். வெளி அறையில் வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார், கேபிள் சுற்றுவார். காது மிஷினைக் காலையில் மாட்டினால் படுக்கும் வரை கழற்றுவதில்லை. மிஷினில் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் கேட்கும் போலிருக்கிறது. கீழே பாத்திரக் கடையில் குண்டான் உருண்டாலும், மலையிலிருந்து ஒலிபெருக்கி அறிவிப்பு வந்தாலும் எழுந்துவிடுவார். போன வாரம் ஒரு பஜனைக் குழு பாடிக்கொண்டிருந்தது. நல்ல டேக், நான்காவது முறையாகப் பாடி அப்போதுதான் சரியாக வந்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிவதையும் கவனிக்காமல் பாவா கதவைத் தள்ளிக்கொண்டு கன்ட்ரோல் ரூமுக்குள் வந்தார். மூச்சு வாங்கியது.

"கூப்ட்டியா பாப்பா?"

பதிவை நிறுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"இல்ல பாவா" என்றேன். "யாரும் கூப்புடல."